சாம்பல் தேய்க்கும் குழாய்களும் கணிப்பொறியும்

அந்தமானில் சௌல்தாரி போன்ற சிற்றூர்களுக்கு மின்சாரம் அளிப்பவை பெரும்பாலும் டீசல் எந்திரங்களே. பெருநிலப்பரப்பிலோ மின் உற்பத்தியின் பெரும்பகுதி நிலக்கரியைச் சார்ந்துள்ளது. நமது நிலக்கரியில் சாம்பல் மிகுதி. பல சுரங்கங்களில் அது 30 முதல் 45 விழுக்காடு வரை உள்ளது. கொதிகலனில் எரிவாயுவுடன் பறந்து செல்லும் இச்சாம்பலில் எஃகினும் கடினமான குவார்ட்சுத் துகள்கள் உள்ளன. அவை இடைவிடாது மோதுவதால் நீரும் நீராவியும் செல்லும் குழாய்கள் தேய்ந்து மெலிந்து, ஒரு நாள் உடைகின்றன.

தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் 1979-க்கும் 1992-க்கும் இடையே நிறுவப்பட்டவை போன்ற 210 மெகாவாட் அலகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். குழாய்க் கசிவால் அது ஒரு நாள் நின்றுவிட்டால், முழுத்திறனில் கிடைத்திருக்கக்கூடிய சுமார் 50 லட்சம் யூனிட் மின்சாரம் இழப்பாகும். அனல் மின் நிலையங்கள் எதிர்பாராமல் நின்றுபோவதற்கு இத்தகைய கசிவு முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும்.

தேய்மானம் எங்கு நிகழும் என்பதைக் கணிப்பொறி முன்கூட்டியே காட்ட வல்லது. முதலில் குழாய்களுக்கிடையே உள்ள வெளி நுண்ணிய கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் வாயுவின் வேகமும் திசையும் கணக்கிடப்படுகின்றன. பின்னர் ஆயிரக்கணக்கான துகள்களின் பாதைகள் நியூட்டனின் இயக்க விதிப்படி வரையப்படுகின்றன. நுண்துகள்கள் வாயுவோடு வளைந்து சென்றுவிடும்; பருத்த துகள்களோ தம் நிலைமத்தால் விலக இயலாமல் குழாயில் மோதும். ஒவ்வொரு மோதலின் வேகமும் கோணமும் தேய்மானச் சூத்திரத்தில் இடப்பட்டு, விளைவுகள் கூட்டப்படுகின்றன. இத்தகைய சூத்திரங்களுக்கு ஃபின்னி என்னும் அறிஞர் 1960-இல் வெளியிட்ட ஆய்வு அடிப்படையாக அமைந்தது.

இக்கணக்கு இரு உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, எஃகு போன்ற நெகிழ் உலோகங்கள் செங்குத்தான மோதலைவிட, 20 முதல் 30 பாகை வரையிலான சாய்ந்த மோதலில் மிகுதியாகத் தேய்கின்றன. ஆகவே குழாயின் நேர்முகப்பைவிட அதன் இருபக்கத் தோள்களே விரைவில் மெலிகின்றன. இரண்டாவது, தேய்மானம் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கேற்ப வளர்கிறது. வினாடிக்கு 15 மீட்டராக உள்ள வேகத்தை 10 மீட்டராகக் குறைத்தால், தேய்மானம் மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கும்.

எனவே குழாய் வளைவுகளுக்கும் சுவருக்கும் இடையே வாயு விரைந்து பாயும் சந்துகளில் தடுப்புத் திரைகளும், தேயும் முகங்களில் காப்புத் தகடுகளும் பொருத்தப்படுகின்றன. எவ்விடத்தில் பொருத்துவது என்பதைக் கணிப்பொறி சுட்டுகிறது. தவறான இடத்தில் வைத்த திரை வாயுவை வேறொரு குழாயின்மீது திருப்பிவிடக் கூடும்.

எனினும், துகளின் வடிவம், அது மோதித் தெறிக்கும் விதம் ஆகியவை குறித்த ஊகங்கள் பிழைபட்டால் விடையும் பிழைபடும். ஆதலால் கொதிகலன் நிறுத்தப்பட்டிருக்கும் காலத்தில் குளிர்காற்றைச் செலுத்தி வேகத்தை அளப்பதும், குழாய்த் தடிமனை ஒலியலைக் கருவியால் சோதிப்பதும் இன்றியமையாதவை. கணக்கும் களமும் ஒன்றையொன்று திருத்தும்போதுதான் தடையற்ற மின்சாரம் உறுதிப்படும்.