எட்டாம் பாடவேளையில் கணிதம்

தொண்ணூறுகளில் இங்கு படித்த எங்கள் பிரிவின் சார்பில் சில வார்த்தைகள்.

நூற்றாண்டு என்றதும் கட்டடம், மண்டபம், பரிசு நிதி என்றுதான் பேச்சு எழுகிறது. அவையும் வேண்டியவையே. நாங்கள் பேச வந்தது அதிகம் காசு வேண்டாத ஒன்றைப் பற்றி: நேரசூசி.

வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்த அந்தக் கட்டம் போட்ட தாளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எட்டுப் பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். எட்டாவதில் சித்திரம் என்றால் அது நல்ல நாள். கணிதம் என்றாலோ, வெள்ளவத்தை வெயிலில் வியர்த்தபடி, மணி அடிக்க எத்தனை நிமிடம் என்ற ஒரு கணக்கைத்தான் சரியாகச் செய்தோம்.

அது சோம்பல் மட்டுமல்ல. லொஸ் ஏஞ்சல்ஸ் மாணவர்களைப் பற்றி 2016இல் வெளியான ஆய்வில், நாளின் முதல் இரு பாடவேளைகளில் கணிதம் படித்தவர்கள், கடைசி இரண்டில் படித்தவர்களைவிடக் கூடிய புள்ளி பெற்றிருந்தார்கள். அதே ஆண்டில் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வு, பரீட்சை ஒவ்வொரு மணித்தியாலம் பிந்தும்போதும் புள்ளி சற்றுக் குறைவதையும், 20 முதல் 30 நிமிட இடைவேளைக்குப் பின் மீண்டும் ஏறுவதையும் காட்டியது. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் சாதாரண தரத்தில் ‘எஸ்’ஸுக்கும் ‘டபிள்யூ’வுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு அந்தச் சிறிதே பெரிது.

அப்படியானால் கணிதத்தை விடியலிலேயே வைத்துவிடலாமே? விடியலையும் நாங்கள் கண்டிருக்கிறோம். வரட்சியால் மின்சாரம் தட்டுப்பட, 1996 மே 25 அன்று நாட்டின் மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டன. ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தார்கள். மீதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரலில்தான் திரும்பியது. சூரியனுக்கு இந்த அறிவித்தல் கிடைக்கவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் பிள்ளைகள் இருட்டில் பஸ் தரிப்பில் நின்றார்கள். வழியில் சோதனைச் சாவடிகள் வேறு. முதற்பாடத்தில் கண் திறந்திருக்கும், தலை தூங்கும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016இல் உயர்தரப் பாடசாலைகளின் தொடக்கத்தை 7.50இலிருந்து 8.45க்குத் தள்ளியபோது, ஆராய்ந்த வகுப்புகளில் பிள்ளைகள் 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள், புள்ளிகளும் உயர்ந்தன.

ஏழரை மணி நம் கையில் இல்லை, அது அமைச்சின் கையில். அதற்குள் எந்தப் பாடம் எங்கே என்பதில் அதிபருக்கு ஓரளவு இடமுண்டு. கணித ஆசிரியைமார் போதாதபோது அந்தத் தாளை நிரப்புவது எவ்வளவு சிரமம் என்பதும் தெரியும். ஆகவே ஒரு சிறு வேண்டுகோள்: ஒரே வகுப்புக்கு வாரம் முழுவதும் கடைசியில் கணிதம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றது சங்கத்துக்கு. தொடங்கவிருக்கும் இலவச கணித வகுப்பைப் பாடசாலை விட்டதும் இரண்டு மணிக்கு வைப்பதாகப் பேச்சு. பசித்த வயிறு, அதன்பின் ரியூசன். வேண்டாமே! சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வையுங்கள். அப்போது ரொறன்ரோவில் வெள்ளி இரவு, சிட்னியில் சனி மதியம். அங்குள்ள நம் தோழிகள் திரை வழியே கற்பிக்கலாம். லண்டன்காரர் மட்டும் தூங்கட்டும், அவர்களிடம் வினாத்தாள் திருத்தும் வேலையைக் கொடுப்போம்.

எங்கள் பிரிவிலிருந்து ஐந்து பேர் ஏற்கனவே பெயர் கொடுத்திருக்கிறோம். செயலாளரிடம் கொப்பி இருக்கிறது.