யார் கடனுக்கு யார் பொறுப்பு?

  

உங்களில் பலர் கல்லாவில் உட்காருபவர்கள். அதனால் கடன் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். ஒருவர் கடன் வைத்துவிட்டு மவுத்தாகிவிட்டால், அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து அதை அடைக்க வேண்டும் என்பது நம் ஷரீஅத். சொத்தே இல்லையென்றால் மகன் மனமுவந்து கொடுக்கலாம். கழுத்தில் துண்டைப் போட்டு வசூலிக்க முடியாது. ஆனால் இந்த நாட்டில், 500 ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன அரசரின் பெயரைச் சொல்லி, அவருக்கு உறவே இல்லாத பெட்டிக் கடைக்காரரிடம் வசூலுக்கு வருகிறார்கள்! கேட்டால் வரலாற்று அநீதிக்குப் பரிகாரமாம்.

மன்னர்கள் ஆலயங்களைத் தொடவே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. 1311-ல் மாலிக் கபூர் மதுரை வரை வந்து கொள்ளையடித்தார். அதை நியாயப்படுத்தும் கடமை நமக்கு இல்லை. அவர் டில்லிக்குக் கொண்டுபோன பொன்னில் நம் பாட்டனாருக்குப் பங்கு கிடைக்கவும் இல்லை.

அன்றைய போர்களை வெறும் மதப் போர்களாகப் பார்ப்பவர்கள் தஞ்சைக் கலைக்கூடத்துக்கு ஒருமுறை போய் வரட்டும். முதலாம் இராஜாதிராஜ சோழன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை எரித்து, அங்கிருந்து வெற்றிச் சின்னமாக எடுத்து வந்த துவாரபாலகர் சிலை அங்கே இருக்கிறது. எடுத்து வந்த செய்தியை அதன் பீடத்திலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். தோற்றவர்களும் சிவாலயம் கட்டியவர்கள்தான். அந்தக் கணக்கைத் தீர்க்க இன்று கர்நாடகத்திலிருந்து ஒரு கூட்டம் கடப்பாரையோடு கிளம்பினால் சிரிப்போம்.

அயோத்தியில் சிரிக்க முடியவில்லை. 1949 டிசம்பர் 22 இரவு பள்ளிக்குள் சிலை வைத்தார்கள். 1986-ல் பூட்டைத் திறந்தார்கள். 1992 டிசம்பர் 6-ல் இடித்தார்கள். சிலை வைத்ததும் இடித்ததும் சட்டவிரோதம் என்று 2019 நவம்பர் 9-ல் உச்ச நீதிமன்றமே கூறியது. பழைய மன்னர்களின் செயலுக்கு இன்று வழக்குமன்றத்தில் பரிகாரம் தேட முடியாது என்றும் கூறியது. கூறிவிட்டு இடத்தைக் கோயிலுக்குக் கொடுத்தது! இடிப்பு வழக்கில் 32 பேரும் 2020 செப்டம்பரில் விடுதலையானார்கள்.

இளைஞனே, உன் கொதிப்பு எனக்குப் புரிகிறது. "அப்படியானால் நாமும் திருப்பிக் கொடுத்தால் என்ன?" என்கிறாய். கோவையைப் பார். 1997 நவம்பர் இறுதியில் நம் சமுதாயத்து இளைஞர்கள் சிலர் ஒரு போக்குவரத்துக் காவலரைக் கொன்றார்கள். அதற்குப் பழியாக 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். நம் கடைகள் சூறையாடப்பட்டன. அதற்குப் பழியாக 1998 பிப்ரவரி 14-ல் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டார்கள். அந்த 58 பேரில் எத்தனை பேர் நவம்பரில் நம் கடையைக் கொளுத்தியவர்கள்? பெட்டிக் கடைக்காரரிடம் பாபரின் கடனை வசூலித்தவர்களுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பிறகு 2007-ல் தீர்ப்பு வரும் வரை ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்து, குற்றமற்றவர் என்று வெளியே வந்தவர்களும் உண்டு. போன வயதை யார் திருப்பித் தந்தது?

இது கோழைத்தனம் என்று நினைக்காதே. ஹிஜ்ரி 6-ல் நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் கஅபாவை நெருங்க விடாமல் ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டார்கள். பள்ளிவாசல் விஷயத்தில் இதைவிடப் பெரிய அநீதி உண்டா? அப்படித் தடுத்தவர்கள் மீதுள்ள வெறுப்புக்கூட நம்மை வரம்பு மீற வைக்கக் கூடாது என்று திருக்குர்ஆன் 5:2 தடை விதிக்கிறது. அதே மக்காவை ஹிஜ்ரி 8-ல் வென்றபோது, பழி தீர்க்கும் பலம் கையில் இருந்தும் பொதுமன்னிப்பு அளித்தார்கள். நாமோ பலமில்லாத காலத்தில் பழி பேசிக்கொண்டிருக்கிறோம்!

வெறுமனே பொறுத்துப் போகச் சொல்லவில்லை. 1947 ஆகஸ்ட் 15 அன்று இருந்த நிலையிலேயே வழிபாட்டுத் தலங்கள் நீடிக்க வேண்டும் என்று 1991-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பாபரி பள்ளிக்கு அதில் விலக்கு. இருந்தும் காசியில் வழக்கு, மதுராவில் வழக்கு. சம்பலில் 2024 நவம்பரில் பள்ளியை அளக்க வந்த நாளில் உயிர்கள் போயின. அடுத்த மாதம், டிசம்பர் 12-ல், புதிய வழக்குகளைப் பதியவும் ஆய்வுக்கு உத்தரவிடவும் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்தத் தடையை வாங்கித் தந்தது கல் அல்ல, மனு.

மனுவுக்கு ஆதாரம் வேண்டும். உங்கள் மஹல்லாப் பள்ளியின் வக்ஃபு பத்திரம், பட்டா, பழைய வரி ரசீதுகள் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று முத்தவல்லியிடம் கேளுங்கள். பல ஊர்களில் அவை பீரோவில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. அடுத்த ஜும்ஆவுக்குள் அவற்றைப் பிரதியெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். அதற்கான செலவைக் கடைவீதி ஏற்கட்டும்.