செவியால் படிக்கும் பிள்ளைகள்



வகுப்பறையில் பலதரப்பட்ட மாணவர்க்கு உதவும் இணையவழிக் கருவிகள் என்பது எனக்களித்த தலைப்பு. ஆசிரியர் பேசுவதை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காதுகேளாத மாணவர்க்குக் காட்டும் செயலி உண்டு. குழந்தை வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டுத் திருத்தும் செயலியும் உண்டு. நான் ஒன்றைப் பற்றியே விரிவாகச் சொல்ல விழைகிறேன்.

திரையிலுள்ள எழுத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் ஒருகாலத்தில் பெரும் விலைக்கு விற்கப்பட்டன. 2006-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் அத்தகைய ஒன்றை இலவசமாக வழங்க முனைந்தார். ஜேம்ஸ் டே துணைநின்றார். இருவரும் பார்வையற்றவர்கள். அவர்கள் ஆக்கிய என்.வி.டி.ஏ. இன்று தமிழையும் வாசிக்கிறது.

என் வகுப்பில் பார்வையற்ற மாணவன் ஒருவன் இதனைக் கொண்டே பயின்றான். மாலைதோறும் பாடக்குறிப்புகளைத் தட்டச்சு செய்து அனுப்பிவந்தேன். என் கடமை முடிந்தது என்றும் மகிழ்ந்திருந்தேன். அரையாண்டுத் தேர்வில் அவன் தமிழில் தேறவில்லை. "அனுப்பியதைப் படிக்கவில்லையா?" என்று கடிந்தேன்.

"ஐயா, தாங்கள் அனுப்பியதில் தமிழே இல்லையே" என்றான்.

ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினான். கேட்டேன். அம்மா என்று நான் எழுதியிருந்த இடத்தில் எம், கே, கே, எச் என்று ஒலித்தது! நான் பயன்படுத்தியது பழைய பாமினி எழுத்துரு. அதில் கோப்பினுள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். தமிழ் வடிவம் கண்ணுக்கு மட்டுமே. ஒருங்குறியில் எழுதினால்தான் உள்ளேயும் தமிழ் இருக்கும். தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. பழக்கத்தை விடாதவன் நான்தான். ஆறு மாதங்கள் அவன் என்னிடம் சொல்லத் தயங்கியிருக்கிறான் என்பதே இன்றளவும் என்னை உறுத்துகிறது.

அன்றிரவே குறிப்புகளை மாற்றத் தொடங்கினேன். முழுதும் முடிய மூன்று வாரங்கள் ஆயின.

தாளை ஒளிப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் இத்தகையதே. நம் கல்வி உதவித்தொகை விண்ணப்பமும் அவ்வாறே வருகிறது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செயலாளர் ஐயா பொறுத்தருள்க. இவ்வாண்டு அதனை நான்தான் அம்மாணவனுக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த ஆண்டு அவனே படித்து நிரப்பும் வண்ணம் ஒருங்குறியில் வெளியிட வேண்டுகிறேன். தட்டச்சு செய்துதர நான் அணியமாக இருக்கிறேன்.