பல கைகள் உருட்டிய பலகாரம்
(யூபிலி விழாவின் தாய்மார்கள் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நமது பங்கின் வரலாற்றை எனக்கு முன் பேசியவர்கள் ஆண்டு, தேதியுடன் அழகாக எடுத்துரைத்தார்கள். அடிக்கல் நாட்டியது, மணி வாங்கியது, கூரை மாற்றியது எல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆனால் அடுப்பங்கரையின் வரலாற்றைக் கல்வெட்டில் யாரும் பொறிப்பதில்லை. ஆகவே அதைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். என் சிறுவயதுக் கிறிஸ்துமஸைப் பற்றியும், அந்நாளில் எங்கள் வீட்டில் செய்த கல்கல் என்ற எளிய பலகாரத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

கல்கல் என்றால் சாந்தோம், மயிலாப்பூர்க் கத்தோலிக்க வீடுகளில் தெரியாதவர் இல்லை. சிறிய சோழிபோல, வரி வரியாகச் சுருண்டு, மேலே சர்க்கரை பூத்து நிற்கும். சில வீடுகளில் மாவைத் தட்டி, கத்தியால் சாய்சதுரமாக வெட்டிப் பொரித்துக் கலகலா என்பார்கள். கோவாவிலும் மங்களூரிலும் பம்பாயிலும் உள்ள கத்தோலிக்கர்களுக்கும் கல்கல் சொந்தம்தான். போர்த்துக்கீசியரின் பலகாரம் ஒன்று நம் ஊர்த் தேங்காய்ப்பாலோடு சேர்ந்து இப்படி உருமாறியது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அதில் வியப்பு ஒன்றுமில்லை. நமது லஸ் கோவிலின் கல்வெட்டு 1516 என்று சொல்லுகிறது. மயிலைச் சாந்தோம் மறைமாவட்டம் 1606-இல் ஏற்பட்டது. நாம் அன்றாடம் சொல்லும் மேசை, அலமாரி, சாவி, ஜன்னல் எல்லாம் அவர்களுடைய மொழியிலிருந்து வந்த வார்த்தைகளே. வார்த்தைகள் வந்த வழியில் ஒரு பலகாரமும் வந்திருக்கலாம் அல்லவா?

நான் சிறுமியாக இருந்த 1950-களில் எங்கள் குடும்பம் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குடியிருந்தது. ஒரே சம்பளம், வீட்டில் ஒன்பது பேர். கேக் என்பது கடைக் கண்ணாடிக்குள் பார்க்கும் பொருள். ஆகவே கிறிஸ்துமஸ் என்றால் எங்களுக்குக் கல்கல்தான். அதற்கான சேமிப்பு அக்டோபர் மாத ஜெபமாலை நாட்களிலேயே தொடங்கிவிடும். அம்மா வாரந்தோறும் சர்க்கரையில் ஒரு கரண்டி எடுத்து, மூடி போட்ட ஜாடியில் தனியே போட்டு வைப்பார். டிசம்பரில் மளிகைக் கடையில் ஒரு வீசை மைதா வாங்குவார். வீசை என்றால் சிறுவர்களுக்குத் தெரியாது. ஏறத்தாழ 1 கிலோ 400 கிராம். தேங்காய் தண்ணித்துறை மார்க்கெட்டிலிருந்து வரும். நாங்கள் குடிலுக்காகக் கேழ்வரகும் கடுகும் டப்பா மூடிகளில் விதைத்துப் பச்சை வளர்க்கும் அதே நாட்களில், அம்மா உரலில் சர்க்கரையை இடித்துச் சலித்துக்கொண்டிருப்பார்.

கல்கல் உருட்டும் மாலை இருக்கிறதே, அதுதான் எங்களுக்கு உண்மையான பண்டிகை. கூடத்தில் பெரிய பாய் விரிக்கப்படும். நடுவில் ஈரத்துணி போட்டு மூடிய மாவுப் பாத்திரம். எங்கள் பாட்டி சுவரில் சாய்ந்து, சுண்டைக்காய் அளவு உருண்டைகளாகக் கிள்ளிப் போடுவார். மற்றவர்கள் முள்கரண்டியின் முதுகில் எண்ணெய் தடவி, உருண்டையை அதில் அழுத்தி, மெல்லச் சுருட்டி எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருந்த முள்கரண்டிகள் இரண்டே. ஆகையால் அண்ணன்மாருக்குப் புதுச் சீப்பு வாங்கித் தருவார்கள். பண்டிகை முடிந்ததும் கழுவித் துடைத்தால் அது தலைக்கு ஆயிற்று. அப்பா ஜெபமாலையைத் தொடங்குவார். எல்லோர் விரல்களிலும் மாவு இருப்பதால் மணி உருட்டும் வேலை அவருக்கு. கல்கல் உருட்டும் வேலை எங்களுக்கு. அண்டை வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள். ஜெபம் தெரியாத பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் ஓட்டுவார்கள்.

தாய்மார்களே, இங்கே ஒரு சிறு கணக்குச் சொல்ல விரும்புகிறேன். ஒரு கிலோ மைதாவில் சுண்டைக்காய் அளவாகக் கிள்ளினால் ஏறக்குறைய 1000 கல்கல் வரும். ஒருவர் நிமிடத்துக்கு 5 வீதம் உருட்டினாலும் 1000 உருட்ட மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடுப்பு ஒடிந்துபோகும். அதையே எட்டுப் பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அரை மணிக்குள் முடிந்துவிடும். முறுக்கை ஒருவரே பிழிந்துவிடலாம்; கேக்கை ஒருவரே அடுப்பில் வைத்துவிடலாம். கல்கல் அப்படியல்ல. அதற்குப் பல கைகள் வேண்டும். கிழவியின் கையும் வேண்டும், குழந்தையின் கையும் வேண்டும். கோணலாகச் சுருண்டதும் எண்ணெயில் விழுந்தால் பொரியத்தான் செய்யும். எங்கள் பாட்டி ஒருநாளும் ஒரு பிள்ளையின் கல்கலைப் பிரித்து மறுபடி உருட்டியதில்லை.

பொரித்துப் பாகில் புரட்டியதும் எல்லாம் தகர டப்பாவுக்குள் போய்விடும். டப்பா அலமாரிக்கு மேலே ஏறிவிடும். இருபத்துநான்காம் தேதி பெரியவர்களுக்கு ஒருசந்தி, எல்லோருக்கும் சுத்தபோசனம். 1953 வரை நன்மை வாங்குகிறவர்கள் நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூட அருந்தக்கூடாது என்று பாட்டி சொல்லுவார். 1957-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அதை மூன்று மணி நேரம் என்று குறைத்தார். எங்களுக்கு எந்தச் சட்டமும் இல்லாத வயதிலும் டப்பா பூசைக்குப் பிறகே திறக்கப்படும். ஒருசந்தி வாய்க்குத்தானே, மூக்குக்கு இல்லையே என்று அண்ணன் நாற்காலி போட்டு ஏறி டப்பாவை மோந்து பார்ப்பான்!

நள்ளிரவுப் பூசை அப்போது லத்தீனில். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகே பூசை முழுவதையும் நம் தமிழில் கேட்கும் பாக்கியம் கிடைத்தது. புரியாத மொழியானாலும், பாலனின் சுரூபத்தைக் குடிலில் வைக்கும் நேரத்தில் கோவிலே மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருக்கும். பூசை முடிந்து மார்கழிப் பனியில் நடந்து வந்து டப்பாவைத் திறப்போம். ஆளுக்குப் பத்து. எண்ணித்தான் தருவார்கள். தின்றுவிட்டுக் கண்ணயர்ந்து எழுந்தால், கபாலி கோவில் மாடவீதியிலிருந்து மார்கழிப் பஜனை கேட்கும். அக்காலத்தில் பாபநாசம் சிவன் அவர்களே அந்த வீதிகளில் பாடிச் சென்றார் என்பது மயிலாப்பூர்வாசிகள் அறிந்த செய்தி. எங்கள் கிறிஸ்துமஸ் விடியற்காலை அந்தப் பாட்டோடுதான் விடிந்தது.

ஆளுக்குப் பத்து என்றேனே, ஒரு வீசை மாவின் கல்கல் எல்லாம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். தட்டுகளில் போயிற்று. காலையில் அம்மாவின் முதல் வேலை தட்டுகளை வரிசையாக வைப்பது. தெருவில் எத்தனை வீடோ அத்தனை தட்டு. இதில் அம்மாவுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. மாவை இரண்டாகப் பிரித்து, முதலில் முட்டை சேர்க்காத மாவைப் பிசைவார். அதற்கு வேறு வாணலி, புது எண்ணெய், வேறு டப்பா. முட்டை சாப்பிடாத வீடுகளுக்கு அது. யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரே மாவாகப் பிசைந்திருந்தால் பாதி வேலை மிச்சம். ஆனால் அம்மா, "அவர்கள் நம்மை நம்பி வாயில் போடுகிறார்கள்" என்பார். அவ்வளவுதான்.

எதிர்வீட்டு மாமி மிகவும் ஆசாரமானவர். பிறர் வீட்டில் சமைத்த பண்டம் எதையும் ஏற்கமாட்டார். அவர்களுக்கு அம்மா வாழைப்பழமும் கற்கண்டும் வெற்றிலை பாக்கும் அனுப்புவார். அதில் அம்மாவுக்கு வருத்தமும் இல்லை, மாமிக்குச் சங்கடமும் இல்லை. ஒரு வருஷம் மாமியே வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, என் பேரன் உங்காத்துல உட்கார்ந்து என்னவோ உருட்டினானாமே? அதுல முட்டை உண்டோ?"

"இல்லை மாமி. அதற்குத் தனி மாவு, தனி வாணலி, புது எண்ணெய்."

மாமி சற்று யோசித்தார். "அப்போ அவன் பங்கைக் குடு" என்றார்.

அவர் வாயில் போட்டாரா என்று நாங்கள் கேட்கவில்லை. தட்டு திரும்பி வந்தபோது அதில் ஒரு அச்சு வெல்லம் இருந்தது. தட்டு வெறுமனே திரும்பக்கூடாது என்பது எங்கள் தெருவின் எழுதாத சட்டம். அடுத்த டிசம்பர் பிறந்ததும், "மாவு எப்போ பிசையறே?" என்று மாமி தாமாகவே கேட்டார். பாய் விரித்து ஒரு பிள்ளையை உட்கார வைத்ததனால் ஒரு வீட்டுக் கதவு திறந்தது என்றே இன்றும் நான் நினைக்கிறேன்.

எல்லா வருஷமும் செழிப்பாக இருந்ததில்லை. 1965, 1966-இல் மழை பொய்த்து, நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு. சர்க்கரைக்காக ரேஷன் கடையில் நின்ற காலம். அந்த வருஷங்களில் அம்மா பாகு காய்ச்சவில்லை. வெல்லம் கரைத்து மாவிலேயே சேர்த்துப் பிசைந்தார். கல்கல் கறுத்துப்போய் இருந்தது. ஆளுக்கு ஐந்துதான். ஆனால் தட்டுகளின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை.

இன்னொரு டிசம்பரையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கடல் பொங்கி வந்த சுனாமியில் நொச்சிக்குப்பம், சீனிவாசபுரம் மக்கள் உடுத்திய துணியோடு ஓடி வந்ததை உங்களில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். அவர்கள் தங்கிய இடத்துக்கு நாங்கள் சிலர் ஓடினோம். சோறு வெந்து வரும்வரை பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது? கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அல்லவா, எல்லா வீட்டிலும் டப்பா நிறைய இருந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு போனோம். ஒரு சிறுமி ஒரே ஒரு கல்கலைத் தின்றுவிட்டு மீதியைப் பாவாடை முனையில் முடிந்துகொண்டாள். "தம்பிக்கு" என்றாள். தம்பி எங்கே என்று கேட்க எங்களில் எவருக்கும் துணிவு வரவில்லை. மாலையில் அவனை ஒருவர் தோளில் தூக்கிவந்து சேர்த்தார். அவள் முடிச்சை அவிழ்த்ததை நான் பார்த்தேன். என் வாழ்நாளில் நான் கண்ட கிறிஸ்துமஸ் காணிக்கைகளில் அதுவே பெரிது.

அன்பர்களே, இன்று நிலைமை என்ன? கல்கல் கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. வாங்குவதைக் குறை சொல்ல நான் வரவில்லை. வேலைக்குப் போகும் பெண்களின் பாடு எனக்குத் தெரியும். எனக்குள்ள கவலை வேறு. தனி வீடுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. பிள்ளைகள் துபாயிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். நம் பங்கிலேயே பல வீடுகளில் வயதான தாயோ தகப்பனோ தனியாக, தொலைபேசியில் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள். அவர்களுக்கு மாவு பிசையத் தெரியும். பதம் தெரியும். உருட்டத்தான் கைகள் இல்லை. நமது பிள்ளைகளுக்குக் கைகள் இருக்கின்றன. கற்றுக்கொடுக்கத்தான் பாட்டி இல்லை.

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை இதே மண்டபத்தில் பாய் விரிப்போம். தனியாக இருக்கும் முதியோரை நம் பிள்ளைகளே போய்க் கைபிடித்து அழைத்து வரட்டும். அவர்கள் கிள்ளிப் போடட்டும், பிள்ளைகள் உருட்டட்டும். வீடு திரும்பும்போது ஒவ்வொருவரும் ஒரு தட்டு எடுத்துச் சென்று, இதுவரை தட்டாத ஒரு கதவைத் தட்டுவோம்.

அளவு கேட்ட தாய்மார்களுக்காக: மைதா 1 கிலோ, பொடித்த சர்க்கரை 250 கிராம், வெண்ணெய் அல்லது நெய் 100 கிராம், முட்டை 3, ஒரு தேங்காயின் கெட்டிப்பால், ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயை மாவில் தேய்த்து, சர்க்கரையும் உப்பும் கலந்து, முட்டையை அடித்துச் சேர்த்து, தேங்காய்ப்பாலைச் சிறிது சிறிதாக விட்டுப் பூரி மாவைவிடச் சற்று இளக்கமாகப் பிசையுங்கள். அரை மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள். மாவில் சர்க்கரையைக் கூட்டினால் எண்ணெயில் உதிரும். எண்ணெய் மிதமாகக் காய வேண்டும். புகைந்தால் மேலே சிவந்து உள்ளே வேகாது. பாகைக் கம்பிப் பதம் தாண்டிக் காய்ச்சிக் கொட்டிக் கிளறினால் ஆறும்போது வெள்ளையாகப் பூக்கும். முட்டை வேண்டாதவர்களுக்குத் தேங்காய்ப்பாலைக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த மாவை முதலில் பொரியுங்கள், மறந்துவிடாதீர்கள்.

மாட்டுத் தொழுவத்தில் இடம் கிடைத்தது போதும் என்று பிறந்த பாலன், நம் பாயிலும் ஓர் ஓரத்தில் வந்து அமர்வாராக.