ஈஸா நபியை அறியும் வழிகள்
(சங்கப் பொன்விழாவில் ஆற்றிய உரை)





நான் ஆலிம் அல்ல. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு, சுங்கை காடுட்டில் அத்தாவின் கடையைக் கவனித்து வருபவன். அந்தக் கடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

வாடிக்கையாக வரும் கிறிஸ்துவ அண்ணன் ஒருவரோடு ஒருநாள் ஈஸா நபி (அலை) பற்றிப் பேச்சு வந்தது. “வெள்ளைக்கார ஆராய்ச்சியாளர்களே அவரைக் கடவுள் இல்லை என்கிறார்களே!” என்று குரலை உயர்த்தினேன். அவர் அமைதியாக, “பாய், அவர்களே அவர் சிலுவையில் இறந்தார் என்றும் சொல்கிறார்கள். அதை ஒத்துக்கொள்வீர்களா?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

பிறகுதான் படித்தேன். வரலாற்று ஆசிரியர்கள் சாட்சிகளை எடை போடுகிறார்கள்: யார் எழுதியது, எவ்வளவு முந்தியது, வேறு யாரும் சொன்னார்களா என்று. ஈஸாவுக்கு மரண தண்டனை கொடுக்கப்பட்டதாக ரோமானியரான தாசிடஸ் 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். நமக்கோ குர்ஆனின் 4ஆவது அத்தியாயம் 157ஆவது வசனம், அவர் கொல்லப்படவும் இல்லை, சிலுவையில் அறையப்படவும் இல்லை என்று அறிவிக்கிறது.

1795இல் சென்னையில் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர், கடவுள் ஒருவரே என்று நம்பும் யூனிட்டேரியன் கிறிஸ்துவச் சபையைத் தொடங்கினார். 1820இல் கல்கத்தாவில், அரபியும் பாரசீகமும் கற்ற ராஜா ராம்மோகன் ராய், ஈஸாவின் போதனைகளை மட்டும் தொகுத்து வெளியிட்டார். செராம்பூர் பாதிரியார் மார்ஷ்மன் அதைக் கடுமையாக எதிர்த்தார். கடவுள் ஒருவரே என்பதில் ராய் நமக்கு அருகில் நிற்கிறார். ஆனால் தந்தையின்றிப் பிறந்ததும், அல்லாஹ்வின் அனுமதியால் குருடரைக் குணமாக்கியதும் நம் ஈமானில் உள்ளவை. அவருடைய தொகுப்பில் அற்புதங்களுக்கு இடமில்லை.

ஆகவே, பிறர் ஆராய்ச்சியில் நமக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுப்பது நேர்மையல்ல. எடை போடுவது நமக்குப் புதிதும் அல்ல; அறிவிப்பாளர்களை ஒவ்வொருவராக ஆராய்ந்துதான் இமாம் புகாரி ஹதீஸ்களைத் தொகுத்தார்கள். ஆனால் மனிதச் சாட்சியை எடை போடலாம். வஹியை நாம் நம்புகிறோம்.

நம் பிள்ளைகள் எல்லா மதத்துப் பிள்ளைகளோடும் படிக்கிறார்கள். “வரலாறு இப்படிச் சொல்கிறது, என் ஈமான் இப்படிச் சொல்கிறது” என்று பிரித்துச் சொல்லக் கற்றுக்கொடுப்போம். அரைகுறையாகச் சொன்னால், நாளை உண்மை தெரியும்போது அவர்கள் நம்மையே நம்பமாட்டார்கள்.

அந்த அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்றும் கடைக்கு வருகிறார். இன்றும் பேசுகிறோம், குரல் உயர்த்தாமல்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பயனுள்ள கல்வியைத் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.