முதலில் காது, பிறகு கண்



வீட்டுக்கு உறவுக்காரர் வந்தால் பிள்ளையைக் கூப்பிட்டு, "மாமாவுக்கு அ, ஆ சொல்லிக் காட்டு கண்ணு" என்போம். அதுவும் மூச்சுவிடாமல் அஃகன்னா வரை ஒப்பித்துவிடும். அதே பிள்ளைக்குப் 'படம்' என்று எழுதிக் காட்டுங்கள். "பானா... டானா... இம்மு" என்று சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும்.

பிள்ளைமேல் தப்பில்லை. பானாவையும் டானாவையும் எத்தனை முறை சேர்த்தாலும் படம் வராது. நாம் எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொடுத்தோம், ஒலியைச் சொல்லித்தரவில்லை. 'ப', 'ட', 'ம்' என்று ஒலியாகவே சொல்லுங்கள். கொஞ்சம் வேகமாகச் சொன்னால் படம் தானாக வந்துவிடும்.

247 எழுத்தா என்று மலைக்கவும் வேண்டாம். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். மற்றவை இவை சேர்ந்து பிறந்தவை. வரிசைப்படிதான் போக வேண்டும் என்றும் இல்லை. ட, ப, ம மூன்றும் எளிய கோடுகளால் ஆனவை. ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம் என்று முதல் வாரமே சொற்கள் கிடைக்கும். துணைக்காலை அறிமுகப்படுத்தினால் பாடம், பாட்டம்மா என்று குடும்பம் பெருகும்.

தடுக்கும் இடங்களும் உண்டு. 'மேகம்' என்ற சொல்லைப் பாருங்கள். கண்ணில் முதலில் படுவது இரட்டைக்கொம்பு. வாயில் முதலில் வர வேண்டியது 'ம்' ஒலி. அடுத்து அந்தக் ககரம். கடல், தங்கம், மேகம் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒன்றுதான், ஒலி மூன்று. இதற்கு விதி சொன்னால் ஐந்து வயதுக்குப் புரியாது. ஆனால் மேகம் என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய பிள்ளை, பாதி படித்ததுமே மீதியைச் சரியாகச் சொல்லிவிடும். காது அறிந்த சொல்லைத்தான் கண் எளிதாகப் பிடிக்கிறது.

தமிழில் இன்னொரு சங்கடம். வீட்டில் 'மழை வந்துடுச்சு' என்கிறோம், புத்தகத்தில் 'மழை வந்துவிட்டது' என்று இருக்கிறது. காதில் விழாத அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தாலும் பிள்ளைக்கு அது அந்நியம்தான். அதனால் தினமும் பத்து நிமிடம் கதைப் புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள். சொற்களுக்கு அடியில் விரல் ஓடட்டும். பிள்ளை அதே கதையைப் பத்தாவது முறை கேட்டால் சலிக்காமல் படியுங்கள். நடுவில் வேண்டுமென்றே நரியைக் காக்காய் ஆக்குங்கள். "அது நரிம்மா!" என்று கத்தினால், அது கவனித்துக் கேட்கிறது என்று பொருள்.

எதிர்த்திசையிலும் ஒரு வழி உண்டு. பிள்ளை சொல்வதை அதன் பேச்சிலேயே எழுதுங்கள். "பூனை பாலைக் குடிச்சிடுச்சு." பிறகு அதையே படிக்கச் சொல்லுங்கள். தன் வாயில் வந்த சொல் தாளில் இருப்பதைக் கண்டதும் எழுத்து எதற்கு என்பது அதற்குப் புரிந்துவிடும்.

படிக்கும்போது திணறினால் உடனே எடுத்துக்கொடுக்காதீர்கள். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் சொல்லிவிட்டு மேலே போங்கள். குட்டு வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பீடும் வேண்டாம். மாதக்கணக்கில் முயன்றும் எழுத்துகள் சேரவே இல்லை என்றால் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள், ஆசிரியரிடமும் பேசுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் இதில் வேலை உண்டு. இரவில் அவர் கதை சொல்லட்டும். பகலில் பேரப்பிள்ளை படிப்பதை உட்கார்ந்து கேட்கட்டும். தப்புக் கண்டுபிடிக்காமல் கேட்க அவரைவிட்டால் யார்?

அடுத்த முறை மாமா வரும்போது அ, ஆ ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். அவரைப் பாயில் உட்காரவைத்துப் பிள்ளையின் கையில் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுங்கள். தட்டுத்தடுமாறி நாலு வரி படிக்கட்டும். காபி கொஞ்சம் ஆறினாலும் மாமா காத்திருப்பார்.