கரிக்குழாயும் பிளாட்டினமும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுச் சாலையில் ஏறி, ஏலத்தோட்டங்களுக்குச் சென்ற மாணவர்கள் காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்திருப்பீர்கள். பச்சைக்காயைக் குவியலாகப் போட்டுவிட்டால் உள்ளே கிடப்பதற்கு வெப்பக் காற்று எட்டாது. புழுங்கி நிறம் கெடும். ஆகவேதான் அடுக்கடுக்கான கம்பிவலைத் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்புகிறார்கள். பிளாட்டினத்தை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் படும் பாடும் ஏறக்குறைய இதுவே.

1839-இல் வேல்ஸ் நாட்டவரான வில்லியம் குரோவ், ஹைட்ரஜனையும் பிராணவாயுவையும் பிளாட்டினத்தின்மேல் கூடச் செய்து மின்சாரம் பெற்றார். எரிபொருள் மின்கலத்தின் தொடக்கம் அது. எஞ்சுவது நீர்; புகை இல்லை. ஆனால் பிளாட்டினமோ விலைமிக்கது. வினையும் அதன் புறப்பரப்பில் மட்டுமே நிகழும். உள்ளே புதைந்த அணுக்கள் வீணே. எனவே அதனை இரண்டு மூன்று நானோமீட்டர்த் துகள்களாக்கிக் கரியின்மேல் பதிக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் ஒரு பங்கு நானோமீட்டர்!

ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா 1991-இல் கரி நுண்குழாய்களை உலகறியச் செய்தார். மின்சாரத்தை நன்கு கடத்துவது; பரப்பும் மிகுந்தது. இதனினும் சிறந்த தட்டு வேறென்ன வேண்டும்? குறை ஒன்றே: அதன் மேனி மிக வழுவழுப்பானது. பற்றுக்கோடு இன்றித் துகள்கள் நகர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடுகின்றன. மறுபடியும் குவியல்தான்!

நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்து, அதில் குழாய்களைக் காய்ச்சுவது பழகிய வழி. மேற்பரப்பில் ஆங்காங்கே பிணைப்பு அறுந்து, கார்பாக்சில், ஹைட்ராக்சில் தொகுதிகள் தோன்றும். பிளாட்டினம் அவற்றைப் பற்றிக்கொள்ளும். ஆனால் நேயர்களே, அந்தப் பிடிமானங்கள் ஒவ்வொன்றும் ஒரு காயமல்லவா? காயங்கள் மிகுந்தால் மின்கடத்தல் குன்றும். கலம் இயங்குகையில் கரி அவ்விடங்களில் அரிக்கப்பட்டு, தாங்கிய பிளாட்டினமும் உதிர்ந்துபோகும். அமிலத்தில் ஊறவைப்பது எளிது; எப்போது நிறுத்துவது என்பதே அரிது.

காயப்படுத்தாமல் போர்த்திவிட்டால் என்ன? சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தார் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வழிப்பட்டது. பாலிபைரோல் என்னும் மின்கடத்தும் பாலிமரோடு நுண்குழாயைச் சேர்த்து, அதன்மேல் பிளாட்டினத்தையும், பிளாட்டினம்-ருத்தேனியத்தையும் பதித்து, மெத்தனாலை ஆக்சிகரணம் செய்யும் திறனைச் சோதித்தார்கள். பாலிமரில் உள்ள நைட்ரஜன் உலோகத்தைப் பற்றிக்கொள்ள உதவுகிறது. வள்ளல் அழகப்பர் நிலமும் நிதியும் வழங்க, காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தாரும் எரிபொருள் மின்கல ஆராய்ச்சியில் ஈடுபட்டவர்களே.

போர்வைக்கும் தொல்லை உண்டு. கரிக்குழாய் அளவுக்கு அது மின்சாரத்தைக் கடத்தாது; தடித்தால் தடை. அமிலச் சூழலில், மின்னழுத்தத்தின் கீழ், ஆயிரக்கணக்கான மணி நேரம் அந்தப் போர்வை கிழியாதிருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் நன்றாக இயங்கிய கலத்தை இதனாலேயே மாதக்கணக்கில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள்.